வீட்டுப் பொருளும் அதற்குரிய ஹக்கும்

அகிலத்தாரைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும்! ஸலாத்தும் ஸலாமும் அவனுடைய தூதர் முஹம்மது முஸ்தபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

மதீனாவில் ஒரு நாள் அஸர் தொழுகை. ஸலாம் கொடுத்ததும் நாயகம் (ஸல்) அவர்கள் விரைந்து எழுந்தார்கள். வரிசையில் அமர்ந்திருந்தோரைத் தாண்டிக்கொண்டு தம் துணைவியருள் ஒருவரின் அறைக்குச் சென்றார்கள். அந்த வேகத்தைக் கண்டு தோழர்கள் திடுக்கிட்டார்கள். திரும்பி வந்த நாயகம் (ஸல்) அவர்கள், வீட்டில் கொஞ்சம் தங்கம் இருப்பது நினைவுக்கு வந்ததாகவும், அது தம்மைத் தடுத்து நிறுத்துவதை விரும்பாமல் பங்கிட்டுவிடும்படி சொல்லி வந்ததாகவும் விளக்கினார்கள். உக்பா இப்னு ஹாரிஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் புகாரியில் இருக்கிறது.

பிறருக்குப் போய்ச் சேர வேண்டிய ஒரு பொருள் ஓர் இரவு வீட்டில் தங்குவதைக்கூட அவர்கள் பொறுக்கவில்லை. நம் வீட்டுப் பரணிலோ அப்படிப்பட்ட பொருள்கள் எத்தனை ஆண்டுகளாகத் தங்கியிருக்கின்றன!

ஒரு பெரியவரின் கேள்வி

சில மாதங்களுக்கு முன் சங்கரன்கோவிலில் இஷாத் தொழுகை முடிந்தபின் வயதான ஒருவர் நம்மிடம் வந்து அமர்ந்தார். அவருடைய மனைவி காலமாகி நாற்பது நாள் கழிந்திருந்தது. ஒரு சனிக்கிழமை அவருடைய மருமகள், மாமியாரின் அறையைச் சுத்தம் செய்தாள். பெட்டியிலிருந்த சேலைகளையும் வெள்ளைத் துப்பட்டிகளையும் சில பாத்திரங்களையும் எடுத்து, மரித்தவருக்கு நன்மை சேரட்டும் என்று ஏழைப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டாள். அடுத்த வாரம் வெளியூரிலிருந்து வந்த மகள் உம்மாவின் பெட்டியைத் திறந்தாள். அது காலியாக இருந்தது. அன்று கோபித்துக்கொண்டு போனவள் அதன்பின் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

"ஆலிம்சா, ஸதகா கொடுத்ததுல என்ன குத்தம்? எம் மருமகளும் நல்ல பிள்ளைதான், மகளும் நல்ல பிள்ளைதான். இதுல யாரு பக்கம் நியாயம்?" என்று கேட்டார் அந்தப் பெரியவர்.

அவருக்குச் சொன்ன பதிலை இறுதியில் சொல்வோம். அந்தக் கேள்விதான் நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. வீட்டில் மண்டிக் கிடக்கும் பொருள்களை ஒழுங்கு செய்வது நல்ல காரியம். ஷஃபான் மாதத்தில் ரமளானை எதிர்பார்த்து நம் பெண்கள் வீட்டைக் கழுவி ஒட்டடை அடிக்கும் வழக்கமும் நல்ல வழக்கமே. ஆயினும் ஒரு முஸ்லிம் தன் வீட்டில் ஒரு பொருளைக் கையிலெடுத்ததும், 'இது வேண்டுமா, வேண்டாமா?' என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: 'இது யாருடையது? இதில் யாருக்கு ஹக்கு இருக்கிறது?'

எவ்வளவு பொருள் போதும்?

நல்ல வீடு, நல்ல உடை, வசதியான பாத்திரங்கள் ஆகியவற்றை மார்க்கம் தடுக்கவில்லை. உண்ணுங்கள், பருகுங்கள், வரம்பு மீறாதீர்கள் என்ற கருத்தில் அல்லாஹ் அனுமதியையும் எல்லையையும் ஒரே வசனத்தில் சேர்த்துச் சொல்கிறான் (7:31). அந்த எல்லை எது? ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்து ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான ஹதீஸின் கருத்து இது: ஒரு விரிப்பு கணவனுக்கு, ஒன்று மனைவிக்கு, மூன்றாவது விருந்தாளிக்கு, நான்காவது ஷைத்தானுக்கு. விருந்தாளிக்கென எடுத்து வைப்பதைக்கூட நாயகம் (ஸல்) அவர்கள் தேவையின் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். பிள்ளைகள் உள்ள வீட்டில் அவர்களுக்கு வேண்டிய விரிப்பும் தேவைதான். யாருக்கும் பயன்படாமல், பெருமைக்காக அடுக்கி வைப்பதே அந்த நான்காவது என்று உலமாக்கள் விளக்கம் தந்துள்ளனர்.

நெல்லைச் சீமையில் நம் வீடுகளைப் பாருங்கள். சங்கரன்கோவில், புளியங்குடி, கடையநல்லூர் ஊர்களில் தறியை நம்பிய குடும்பங்களும் உண்டு. வளைகுடா நாட்டுச் சம்பாத்தியத்தில் தலையெடுத்த குடும்பங்களும் உண்டு. சபுராளி கொண்டு வந்த கம்பளிகள் பிரிக்கப்படாமல் பெட்டியில் இருக்கின்றன. கண்ணாடி அலமாரியில் கோப்பைகள் இருபது வருடமாக ஒருவர் வாயையும் தொடாமல் இருக்கின்றன. அண்டாவும் ஸஹனும் எவர்சில்வர் குடங்களும் பரணில் தூசி படிந்து கிடக்கின்றன. இவற்றை வாங்கியவர்கள் ஆடம்பரக்காரர்கள் அல்லர். பெரும்பாலோர் பாலைவன வெயிலில் உழைத்து, ஆசையோடு வாங்கி வந்தவர்கள். அதனால்தான் கொடுக்க மனம் வரவில்லை. அந்த மனத்தை அதட்டிப் பயனில்லை, பக்குவப்படுத்த வேண்டும்.

மென்மை முதலாவது

பத்ருப் போரில் சிறைப்பட்டோரை மீட்க மக்காவிலிருந்து ஈட்டுத்தொகை வந்தது. நாயகத்தின் அருமை மகளார் ஸைனப் (ரலி) அவர்கள் தம் கணவர் அபுல் ஆஸை மீட்பதற்காக ஒரு கழுத்து மாலையை அனுப்பியிருந்தார்கள். அம்மாலை அன்னை கதீஜா (ரலி) அவர்களுடையது. மகளின் திருமணத்தில் அணிவித்து அனுப்பியது. அதைக் கண்டதும் நாயகம் (ஸல்) அவர்களின் உள்ளம் உருகிவிட்டது. மறைந்த துணைவியாரின் நினைவு ஒரு மாலையில் இருந்தது. ஆகவே, ஒரு பழம்பொருளைக் கையில் வைத்துக் கண் கலங்கும் பாட்டியை, "இந்தக் குப்பையை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?" என்று யாரும் கடிந்து பேச வேண்டாம்.

அதற்குப்பின் நடந்ததையும் கவனியுங்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அம்மாலையைத் தாமாகத் திருப்பி அனுப்பிவிடவில்லை. அதில் மற்றவர்களின் உரிமையும் கலந்திருந்தது. ஆதலால் தோழர்களை நோக்கி, நீங்கள் சம்மதித்தால் அவருடைய கைதியை விடுவித்து, அவருடைய பொருளையும் திருப்பி அனுப்பலாமே என்ற கருத்தில் வேண்டினார்கள். தோழர்கள் சம்மதித்தார்கள். அபூதாவூதில் வரும் இந்நிகழ்ச்சியில் நமக்குத் தேவையான இரண்டு பாடங்களும் உள்ளன: பொருளின் மேல் இருக்கும் பாசத்தை மதிப்பது; அப்பாசத்தின் நடுவிலும் உரியவரின் சம்மதத்தைக் கேட்பது.

ஆகவே வேலையைத் தொடங்குமுன் வெள்ளிக்கிழமை இரவு வீட்டார் அனைவரும் ஒன்றாக அமர்ந்து மஷூரா செய்துகொள்ளுங்கள். முதலில் உங்கள் சொந்தப் பொருளில் கை வையுங்கள்; பெரியவர்களின் பெட்டியை அவர்களே திறக்கட்டும். இரண்டு நாளில் ஓர் அறையும் ஒரு பரணும் முடிந்தால் போதுமானது. ஆண்மக்கள் இது பெண்கள் வேலை என்று ஒதுங்க வேண்டாம். நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டிலிருக்கும்போது குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியிருப்பது புகாரியில் உள்ளது.

சனிக்கிழமை: உரியவரைப் பிரித்தறிதல்

பொருள்களை இறக்கித் தூசி தட்டியதும், உரியவர் யார் என்ற அடிப்படையில் பிரித்து வையுங்கள்.

ஒன்று: இரவல் பொருள்கள். கந்தூரிக்கு வாங்கிய அண்டா, பக்கத்து வீட்டுத் தட்டு, மதரஸாவின் கித்தாபு, பள்ளிவாசல் பாய், சீட்டுப் போட்டவர் நம்பி வைத்துவிட்டுப் போன பை முதலியன. அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அல்லாஹ் கட்டளையிடுகிறான் (4:58). இவற்றை முதல் நாளே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பள்ளிவாசலுக்கு வக்ஃபான பொருள் பழையதாயினும் அது வக்ஃபுதான்.

இரண்டு: மரித்தவர் விட்டுச் சென்றவை. உயிர் பிரிந்ததும் அவருடைய பொருள் வாரிசுகளுடையதாகிவிடுகிறது. அடக்கச் செலவும் கடனும் தீர்ந்து, வஸிய்யத் இருந்தால் மூன்றிலொரு பாகத்துக்குள் அதுவும் நிறைவேறிய பின் எஞ்சியது பாகம் பிரிக்கப்பட வேண்டும். கைத்தடி, கண்ணாடி, கட்டில், கைப்பேசி அனைத்தும் இதில் அடங்கும். வாரிசுகள் எல்லோரும் பருவமடைந்தவர்களாயிருந்து மனமொப்பிச் சம்மதித்தால் ஸதகா செய்யலாம். ஒருவர் பருவமடையாத பிள்ளையாயிருந்தால் அப்பிள்ளையின் பாகத்தில் எவரும் கை வைக்கலாகாது. அப்பிள்ளையே சரி என்று சொன்னாலும் ஆகாது. அனாதையின் பொருளை அநியாயமாக உண்போர் தம் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார்கள் என்ற கடுமையான எச்சரிக்கை (4:10) எக்காலத்துக்கும் உரியது.

மூன்று: மனைவிக்கு உரியவை. மஹராகப் பெற்றதும், பெற்றோர் சீராகத் தந்த நகையும் பாத்திரமும் அவளுடைய சொத்து. அவள் சம்மதமின்றிக் கணவனோ மாமியாரோ எடுத்துக் கொடுக்கவோ விற்கவோ கூடாது. அவ்வாறே கணவனின் பொருளை மனைவி கொடுப்பதற்கும் அனுமதி வேண்டும். வழக்கமாகக் கொடுக்கும் சிறு பொருள்கள் மட்டும் விலக்கு.

நான்கு: பிள்ளைகளுக்கு உரியவை. 'இது உனக்கே' என்று பிள்ளைக்கு உரிமையாக்கிக் கொடுத்ததைப் பெற்றோர் எடுத்து வேறொருவருக்குத் தானம் செய்ய ஹனஃபி ஃபிக்ஹில் அனுமதியில்லை. ஆகவே உடை வாங்கும்போதே 'பிள்ளை உடுத்திக்கொள்ளத் தருகிறேன்' என்று நிய்யத் வைத்துக்கொண்டால், சிறிதாகிப்போன சட்டையைத் தம்பிக்கோ ஏழைப் பிள்ளைக்கோ கொடுப்பதில் சிக்கல் வராது.

பரணில் இருக்கும் நிஸாப்

இந்தத் துப்புரவில் வெளிவரும் மஸ்அலா ஒன்றைப் பலர் அறிந்திருக்கவில்லை. வீட்டுச் சாமான்களுக்கும் உடைகளுக்கும் ஜகாத் இல்லை என்பது சரியே. ஆனால் ஹனஃபி மத்ஹபின்படி ஸதகத்துல் ஃபித்ரும் குர்பானியும் கடமையாகும் கணக்கு வேறு. அத்தியாவசியத் தேவைக்கும் கடனுக்கும் மேல் மிஞ்சியிருக்கும் எல்லாப் பொருளின் மதிப்பும் அக்கணக்கில் சேரும். வியாபாரப் பொருளாக இருக்க வேண்டியதில்லை, ஓராண்டு கழிய வேண்டியதுமில்லை. நிஸாப் என்பது வெள்ளியில் 612.36 கிராம்; தங்கத்தில் 87.48 கிராம். எந்த உபயோகமும் இல்லாமல் பரணில் ஏறிக் கிடக்கும் பித்தளை அண்டாக்களும் வெண்கலப் பாத்திரங்களும் பிரிக்கப்படாத கம்பளிகளும் கையிருப்புப் பணத்தோடு சேர்ந்து அந்த வெள்ளியின் விலையை எட்டினால், அவருக்கு ஃபித்ராவும் குர்பானியும் வாஜிபாகின்றன. அவர் ஜகாத் வாங்கவும் கூடாது. தம்மை ஏழையென்று எண்ணி ஜகாத் வாங்குபவர் பரணை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஷாஃபிஈ மத்ஹபில் ஃபித்ராவுக்கு நிஸாப் பார்ப்பதில்லை. பெருநாளின் இரவும் பகலும் தனக்கும் தன் பொறுப்பிலுள்ளோருக்கும் ஆகும் உணவுக்கும் தேவைக்கும் மேல் மிஞ்சியிருந்தாலே கடமையாகிவிடும்.

அஞ்சறைப் பெட்டியிலும் தலையணை உறையிலும் அகப்படும் அறுந்த சங்கிலி, ஒற்றைக் கம்மல், வளைந்த மோதிரம் ஆகியவற்றை நிறுத்து எழுதி வையுங்கள். ஹனஃபி மத்ஹபில் அணியும் நகைக்கும் ஜகாத் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில், பெண்கள் முறையாக அணிவதற்காக வைத்திருக்கும் நகைக்கு ஜகாத் இல்லை.

பணமும் அப்படித்தான். 2016 நவம்பர் 8ம் தேதி இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதென அறிவிக்கப்பட்டு, அவ்வாண்டின் டிசம்பர் 30 வரை வங்கியில் செலுத்தத் தவணை தரப்பட்டது. தவணை கழிந்தபின் டப்பாவின் அடியில் அந்நோட்டுகளைக் கண்டெடுத்து வருந்திய மூதாட்டிகள் உண்டு. உண்டு தீர்த்தது, உடுத்திக் கிழித்தது, தர்மம் செய்து முன்னால் அனுப்பியது, இவை தவிர மனிதனுக்குத் தன் பொருளில் எதுவுமில்லை என்ற கருத்துள்ள ஹதீஸை (முஸ்லிம்) அந்த டப்பா நமக்கு நினைவூட்டுகிறது.

ஞாயிற்றுக்கிழமை: கொடுப்பதன் ஒழுங்கு

உரிமை தெளிவாகி, நம்முடையதென்று ஆனதில் தேவைக்கு மேற்பட்டதை இனிக் கொடுக்கலாம். கொடுப்பதிலும் ஒழுங்கு உண்டு. கண்ணை மூடிக்கொண்டாலன்றி நீங்களே வாங்கிக்கொள்ளாத மட்டமான பொருளைத் தர்மம் செய்ய நாடாதீர்கள் என்ற கருத்தில் அல்லாஹ் எச்சரிக்கிறான் (2:267).

2004 டிசம்பர் 26ம் தேதி சுனாமி நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. நாடெங்குமிருந்து உதவி குவிந்தது. அல்லாஹ் அவர்கள் அனைவருக்கும் நற்கூலி தருவானாக. அத்தோடு லாரி லாரியாகப் பழந்துணியும் வந்தது. கிழிந்ததும் அழுக்கானதும் அளவு பொருந்தாததும் சாலையோரங்களில் மலைபோல் கிடந்தன. வீடும் உறவும் இழந்து நின்ற மீனவ மக்கள் அவற்றைத் தொடவில்லை. நேற்றுவரை உழைத்து மானமாக வாழ்ந்தவர்கள் அவர்கள். நம் வீட்டைக் காலி செய்வதற்கு ஏழையின் வீடு குப்பைத்தொட்டியா என்று அந்தத் துணிக்குவியல் கேட்டது.

ஈரானின் மஷ்ஹது நகரில் 2015ல் ஒரு சுவரில் ஆணி அடித்து, 'தேவையில்லையேல் விட்டுச் செல்க, தேவையிருப்பின் எடுத்துச் செல்க' என்ற கருத்தில் எழுதி வைத்தார்கள். குளிர்காலத்துக்கான அந்த ஏற்பாடு பல நாடுகளுக்குப் பரவியது. நம் திருநெல்வேலியிலும் 'அன்புச் சுவர்' என்ற பெயரில் அமைந்தது. எடுப்பவர் யாரிடமும் கைநீட்ட வேண்டியதில்லை என்பதே அதன் சிறப்பு. அந்த மரியாதையை நாமும் பேணுவோம். துவைத்து, பொத்தான் தைத்து, மடித்துக் கொடுங்கள். பாத்திரத்தைத் துலக்கி, ஈயம் பூச வேண்டியதானால் பூசிக் கொடுங்கள். உறவில் ஏழை இருந்தால் அவருக்கே முதலிடம். அவருக்குத் தருவது தர்மமும் ஆகும், உறவைச் சேர்த்ததும் ஆகும். அவரிடம் 'பழசு இருக்கு, எடுத்துட்டுப் போ' என்று சொல்லாதீர்கள். 'இது உங்களுக்குப் பயன்படுமா?' என்று கேளுங்கள்.

எல்லாவற்றையும் கொடுத்துவிடவும் வேண்டியதில்லை. பெரிய அண்டாவையும் ஸஹன்களையும் தெருவார் விசேஷங்களுக்கு இரவல் தரும் பொருளாக்கி வைக்கலாம். அற்பப் புழங்குபொருளைக்கூடத் தர மறுப்போரைக் கண்டிக்கும் அல்மாஊன் சூராவை (107) நாம் தொழுகையில் ஓதுகிறோம். ஓதிவிட்டு வந்து, அண்டா கேட்டு வந்த அண்டை வீட்டாரை வெறுங்கையோடு அனுப்பலாமா?

திருவசனம் எழுதிய தாள்கள்

கிழிந்த முஸ்ஹஃபு, யாஸீன் கித்தாபு, ஆயத்து அச்சிட்ட நாட்காட்டி, பிஸ்மில்லாஹ் போட்ட கல்யாணப் பத்திரிகை ஆகியவற்றைப் பழைய பேப்பர் கடைக்குப் போடக் கூடாது. ஓத இயலாதபடி சிதைந்த முஸ்ஹஃபைத் தூய துணியில் சுற்றி, கால் மிதிபடாத இடத்தில் குழி தோண்டி, மேலே பலகையோ கல்லோ வைத்து, மண் நேரடியாக விழாதபடி அடக்குவதே நம் ஃபிக்ஹு நூல்கள் சொல்லும் முறை. மற்றத் தாள்களையும் ஒரு பையில் சேர்த்து வைத்து, தெருவார் கூடி ஆண்டுக்கொருமுறை அடக்கம் செய்யலாம்.

அதற்குமுன் ஒன்று. பாட்டியின் பெட்டியில் அரபு எழுத்தில் தமிழ் எழுதிய ஏடோ அச்சு நூலோ கிடைத்தால் அடக்கிவிடாதீர்கள். அதுதான் அரபுத்தமிழ். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் போன்ற பெரியோர்கள் அந்த எழுத்தில்தான் நம் பெண்களுக்கு மார்க்கம் கற்பித்தார்கள். அதை வாசிக்கத் தெரிந்த ஓர் ஆலிமிடம் காட்டுங்கள்.

எறிய வேண்டியதும் எறியும் இடமும்

உடைந்ததும் காலாவதியான மருந்தும் தர்மத்துக்கு ஆகாதவை. அவற்றைக் கழிப்பதில் தயங்க வேண்டாம். 2012ல் கடையநல்லூரிலும் சுற்று வட்டாரத்திலும் டெங்குக் காய்ச்சல் பரவிப் பல வீடுகளில் ஜனாஸா விழுந்ததை நம் பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதைப் பரப்பும் கொசு வீட்டைச் சுற்றித் தேங்கும் நல்ல தண்ணீரில் முட்டையிடுகிறது. மொட்டைமாடியில் கிடக்கும் பழைய டயர், ஓட்டை வாளி, சிரட்டை, மூடியில்லாத டிரம் ஆகியவையே அதற்கு வீடு. முட்டை பொரித்துக் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும். காய்ந்த முட்டையோ பல மாதம் கழித்தும் தண்ணீர் பட்டால் பொரிக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இரவில் பாத்திரங்களை மூடி வைக்கச் சொன்ன நாயகத்தின் ஸுன்னத் நம்மிடம் இருக்கிறது.

வீட்டிலிருந்து எடுத்ததைத் தெருவிலோ வாறுகாலிலோ தள்ளாதீர்கள். வழியில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்றால், இடையூற்றைக் கொண்டுபோய்ப் போடுவதை என்னவென்று சொல்வது? அக்கம்பக்கத்தில் மாற்று மதச் சகோதரர்களும் இருக்கிறார்கள். அண்டை வீட்டாரின் ஹக்கில் அவர்களும் அடங்குவர். நகராட்சி வண்டியில் ஒப்படைப்பதே முறை.

அந்தப் பெரியவருக்கு...

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். அந்த அம்மையார் வேறு வஸிய்யத் செய்திருக்கவில்லை; கடனும் இல்லை. கணவருக்கு நான்கில் ஒரு பாகம். எஞ்சியது ஆண்மக்களுக்கு இரண்டு, பெண்மகளுக்கு ஒன்று என்ற கணக்கில். மருமகள் வாரிசு அல்லள். ஆகவே, "மருமகளின் எண்ணம் நல்லது, செயல் தவறு. மகளின் உரிமை நியாயம், உறவை முறித்தது தவறு. மருமகள் வாரிசுகள் அனைவரிடமும் ஹலால் கேட்க வேண்டும். பொறுத்துக்கொண்டால் அந்த ஸதகாவின் நன்மை எல்லோருக்கும் சேரும். பொறுக்காதவரின் பாகத்துக்கு விலை கொடுத்துவிட வேண்டும்" என்று கூறினோம்.

பெரியவர் மருமகளை அழைத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனார். மகள் விலை கேட்கவில்லை. உம்மா தொழுத முஸல்லா மட்டும் வேண்டுமென்று கேட்டாள். அது நைந்துபோயிருந்ததால், யாருக்கும் கொடுக்கத் தகாதென்று மருமகள் சுருட்டிப் பரணில் வைத்திருந்தாள். அன்று மாலையே அதை எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மகள் இப்போது தாய்வீட்டுக்கு வந்து போகிறாள்.

முன்னரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அத்தனை நாள் கண்ணீர் மிஞ்சியிருக்கும்.

நம் வீடுகளில் பிறர் ஹக்கு தங்காதிருக்கவும், நமக்குத் தந்ததில் பரக்கத் பெருகவும், விரும்புவதிலிருந்து கொடுக்கும் மனம் வாய்க்கவும் வல்ல ரஹ்மான் அருள் புரிவானாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.